இரணியனின் சித்தாந்தம்

சேலத்திலிருந்து தெற்கே பிரயாணம் செய்பவர்களுக்கு நாமக்கல் வந்துவிட்டது என்பதை அறிவிப்பது அதன் பாறைதான். ஊர் நடுவே ஒரே கல்லாக எழும்பி நிற்கும் நாமகிரி அது. உச்சியில் ஒரு கோட்டை இருக்கிறது. 1768-ல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தனர். அதிக நாள் செல்லுமுன் ஹைதர் அலி திரும்பவும் கைப்பற்றிக்கொண்டார். கோட்டைகளின் சரித்திரம் எப்பொழுதும் இப்படித்தான். நேயர்களை நாம் அழைத்துச் செல்ல விரும்புவது பாறையின் மேற்கு அடிவாரத்துக்கு.

அங்கே அதியர் குலத்தார் 8-ஆம் நூற்றாண்டு அளவில் குடைந்த நரசிம்மர் குகைக் கோயில் இருக்கிறது. சுவர்ச் சிற்பம் ஒன்றில் நரசிம்ம மூர்த்தி இரணியனின் மார்பைப் பிளக்கிறார். வருகிறவர்கள் மூர்த்தியைச் சேவிக்கிறார்கள். நாம் சற்று இரணியனையும் கவனிப்போம். அவனை வெறும் கொடுங்கோலன் என்று தள்ளிவிடுதல் சரியன்று. அவன் ஒரு சித்தாந்தி. உலகுக்கு ஆதாரம் யாது என்ற கேள்விக்கு அவனிடம் விடை இருந்தது: வல்லமை. வல்லமை எவனிடம் மிகுந்ததோ அவனே கடவுள்; ஆகவே ஓத வேண்டிய நாமம் தன்னுடைய நாமமே.

இந்த விடையைப் புராணத்தோடு போயிற்று என்று எண்ண வேண்டாம். ஜெர்மன் தேசத்துத் தத்துவ ஞானி நீட்சே, 1883-ல், உயிரைக் கண்ட இடமெல்லாம் வல்லமை வேட்கையைக் கண்டதாகத் தம் ஜாரதுஷ்டிரனைக் கொண்டு சொல்வித்தார். பிழைத்திருக்க வேண்டும் என்ற ஆசையே உயிர்களின் அடிப்படை என்பதை அவர் ஒப்பவில்லை. பாறை வெடிப்பில் விழுந்த ஆலம்விதை பிழைத்திருப்பதோடு திருப்தியடைகிறதா? வேரை விட்டுப் பாறையையே பிளக்கிறதல்லவா? 1886-ல் இன்னும் ஒரு படி மேலே சென்றார். உயிரற்ற ஜடம் உட்படப் பிரபஞ்சம் முழுவதையும் இந்த ஒரே வேட்கையின் உருவங்களாக விளக்க முடியுமானால் என்ன என்று ஓர் அனுமானத்தை எழுப்பினார். 1889-ல் அவருக்குச் சித்தம் கலங்கியது, 1900-ல் காலமானார். மறு வருஷமே அவருடைய சகோதரியின் ஏற்பாட்டில் குறிப்புப் புத்தகங்களிலிருந்து துண்டுகள் பொறுக்கப்பட்டு, அந்த வேட்கையின் பெயராலேயே ஒரு நூல் வெளிவந்தது. அனுமானம் ஆகமமாயிற்று! ஆசிரியர் இறந்த பிறகு அவர் நூலை முடித்து வைக்கும் உறவினர்களிடமிருந்து ஆண்டவன்தான் தத்துவ ஞானிகளைக் காப்பாற்ற வேண்டும்.

நீட்சேயை இரணியனோடு ஒன்றாகக் கட்டிவிடுவது நியாயமன்று. பிறரை அடக்கியாள்வதைக் காட்டிலும் தன்னைத் தானே கடந்து செல்வதையே அவர் பெரிதாக மதித்தார். ஆயினும் இருவரையும் ஒரே கேள்வி மறிக்கிறது. எல்லாம் வல்லமை வேட்கையே என்றால், அப்படிச் சொல்லும் வாக்கியமும் அந்த வேட்கையின் வேலைதானே? அதை நாம் ஏற்பது மெய் என்பதனாலா, வலியது என்பதனாலா? இதுவும் ஒரு வியாக்கியானமே என்பவர்களுக்கு நீட்சே 1886-ஆம் ஆண்டு நூலிலேயே சிரித்துக்கொண்டு இடங்கொடுத்துவிட்டார். இரணியனால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. மூவுலகமும் அடிபணிந்த பின்னரும், பள்ளிக்கூடத்துப் பாலகன் ஒருவன் ஆமாம் என்று சொல்லியாக வேண்டியிருந்தது. யானை, பாம்பு, தீ எல்லாம் ஏவினான். உடலை எரிக்கும் தீ உண்டு. நம்ப வைக்கும் தீ இல்லை.

பாகவதத்தில் பிரகலாதன் கூறும் மறுமொழியும் விசேஷமானது. உலகுக்கு ஆதாரம் வல்லமையன்று என்று அவன் வாதாடவில்லை. உம்மை வலியவராக்குவதும் என்னை வலியவனாக்குவதும் ஒரே பலந்தான், அது உம்முடையதன்று என்கிறான். சண்டை வல்லமையைப் பற்றியதல்ல. 'என்னுடையது' என்ற ஒரு சொல்லைப் பற்றியது.

இந்த வழக்கு நம் காலத்திலும் விசாரணைக்கு வந்தது. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கத் தொண்டர்களுடன் நடந்தார். அவர்கள் வழிநடையில் பாடிய பாட்டைப் பாடிக் கொடுத்தவர் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. அடிக்கப்படுவோமே யன்றி அடிக்க மாட்டோம் என்று கிளம்பியவர்களுக்குரிய பாட்டு. வல்லமை வேட்கைக் கட்சியார் இதற்கும் சளைக்க மாட்டார்கள். அந்தப் படையின் தலைவர் 1948-ல் கவர்னர் ஜெனரலானார். கவிஞர் 1949-ல் சென்னை அரசாங்கத்தின் ஆஸ்தான கவியானார். உப்பெல்லாம் வேஷம், பதவியே குறி என்பார்கள். பின்னால் வந்தது என்பதனாலேயே அதுதான் முன்னால் தேடப்பட்டது என்று ஆகிவிடுமா? கடற்கரையில் ஒரு பிடி உப்புக்காகத் தடியடியும் சிறையும் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பின்னால் ஒன்றுமே வரவில்லை. எல்லாவற்றையும் விளக்கும் தத்துவத்துக்கு இவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

பிரகலாதனுக்கும் பட்டம் வந்தது. இரணியனின் சிங்காதனத்தில் அவனே அமர்ந்தான். பேரன் மகாபலியின் காலத்தில் மறுபடியும் மூவுலகமும் அந்த ஒரே குடைக்கீழ் வந்தன. ஆனால் பேரன் கொள்ளுப்பாட்டனைப்போல் தூணை உதைக்கவில்லை. தாரை வார்த்துக் கொடுத்துவிட்டுத் தலையைக் காட்டினான். அந்தத் தலைக்காக உயர்ந்த திரிவிக்கிரமனின் பாதத்தையும் அதே குகையிலேயே காணலாம்.