பொன்னேரி கோர்ட்டுக்கு வரும் கம்பெனி வக்கீல்

2018இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் எல் அண்ட் டி கையிலிருந்து அதானி குழுமத்துக்குப் போனது. 97 சதவீதப் பங்குக்கு விலை 1,950 கோடி ரூபாய். இப்படியொரு விற்பனை என்றால் நில ஆவணம், கடன் பத்திரம், அனுமதி உத்தரவு என ஒவ்வொரு காகிதத்தையும் வரி விடாமல் படிக்க இரு தரப்பிலும் வக்கீல்கள் உட்காருவார்கள். அதே வட்டாரத்தில்தான் காட்டூரும் பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களும் இருக்கின்றன. ஏரியில் யார் எங்கே, எந்த நாளில் சுத்துவலை போடலாம் என்பதைத் தலைக்கட்டு வாரியாகப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ முறையில் தகராறு வந்து ஒருவரைப் போலீஸ் பிடித்தால், பொன்னேரி கோர்ட்டில் ரிமாண்டு நேரத்தில் எஃப்.ஐ.ஆரை முழுசாகப் படித்த ஒரு வக்கீல் அவர் பக்கத்தில் நிற்பாரா? நின்றால் அது அவருடைய அதிர்ஷ்டம்.

கம்பெனிச் சட்டத்தை விட்டு ஏழைகளின் கிரிமினல் வழக்குகளுக்கு வர நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் வர வேண்டும் என்பதே என் ஆசை.

இந்த வழியில் முன்னால் நடந்தவர் ஒருவர் இருக்கிறார். 1893இல் காந்தி தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது தாதா அப்துல்லா கம்பெனியின் 40,000 பவுண்டு வியாபார வழக்குக்காக. அது மத்தியஸ்தத்தில் முடிந்தது. பிறகு டர்பனில் தொழில் தொடங்கிய சில மாதங்களில், கிழிந்த துணியும் உடைந்த முன்பற்களுமாக, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி ஒரு தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி அவர் முன் வந்து நின்று அழுதார். பெயர் பாலசுந்தரம். அடித்தது எஜமான். ஒப்பந்தக் கூலி சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறை என்பது அன்றைய சட்டம். ஆகவே அடிபட்டவருக்குத்தான் ஆபத்து அதிகம். காந்தி முதலில் டாக்டரிடம் காயச் சான்று வாங்கினார். அதோடு நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். எஜமானுக்குச் சம்மன் பிறந்தது. அப்போதும் அவர் தண்டனை கேட்கவில்லை. பாலசுந்தரத்தை வேறோர் எஜமானிடம் மாற்ற வைத்தார். கட்சிக்காரருக்கு எது வேண்டும் என்று பார்க்கிற அந்தப் புத்தி வியாபார வழக்கில் பழகியது என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பாலசுந்தரத்தின் கதையைக் காந்திக்கு எடுத்துச் சொன்னவர் அவருடைய தமிழ்க் குமாஸ்தா.

இன்று இலவச வக்கீல் என்பது உரிமை. அரசியல் சட்டத்தின் 39ஏ பிரிவு 1976இல் சேர்ந்தது. 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும், ஏரியில் கையால் மீன் தடவிப் பிடிக்கும் இருளர் போன்ற பழங்குடிகளுக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தர வேண்டும். 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் கொண்டுவந்த திட்டம் இதற்கென்றே முழுநேர வக்கீல்களை அமர்த்துகிறது. அவர்கள் தனியாகத் தொழில் நடத்தக் கூடாது. தலைமை வக்கீலுக்குக் கிரிமினல் வழக்கில் பத்து வருஷம், துணை வக்கீலுக்கு ஏழு வருஷம் அனுபவம் கட்டாயம். கம்பெனிகளுக்கு இருபது வருஷம் ஒப்பந்தம் எழுதியவரும் கடைசிப் படியான உதவி வக்கீல் இடத்தில்தான் தொடங்க வேண்டும். சம்பளம் பழைய சம்பளத்தின் பக்கத்திலேயே வராது. வலிக்கும். ஆனாலும் அந்த விதி சரிதான்.

வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. குற்றப்பத்திரிகை 60 நாளில், பெரிய குற்றமானால் 90 நாளில், தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் மனுப் போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். கெடு தேதியை விழிப்போடு எண்ணுவது கம்பெனி வக்கீலுக்கு ரத்தத்தில் ஊறியது. ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் இன்னும் பாவம். 1978இல் மோத்திராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் கையெழுத்துப் போட வந்தபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளினார் மாஜிஸ்திரேட். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, தொகையை 1,000 ஆக்கினார். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. மைத்துனனோ மாமனோ அக்கரையில் இருந்தால், பொன்னேரியில் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்ட ஆள் வேண்டும்.

விசாரணை என்று வந்துவிட்டால் கதையே வேறு. அமெரிக்காவில், வக்கீல் வைக்க வழியில்லாத கிளாரன்ஸ் கிடியனுக்காக உச்ச நீதிமன்றம் அமர்த்திய ஏப் ஃபோர்ட்டஸ், வாஷிங்டனின் பெரிய கம்பெனி வக்கீல். 1963இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் வாதத்தை ஏற்றார்கள். ஏழைக்கு வக்கீல் உரிமை பிறந்தது. ஆனால் மறுவிசாரணையில் கிடியனை விடுவித்தவர் ஃபிரெட் டர்னர் என்ற உள்ளூர் வக்கீல். வெளியூரிலிருந்து உதவ வந்த வக்கீல்களை வேண்டாம் என்று சொல்லி கிடியனே கேட்டு வாங்கிய ஆள் அவர். கிடியனை ஏற்றிப்போன டாக்ஸிக்காரரின் வாயாலேயே, ஏறும்போது அவர் கையில் திருடியதாகச் சொன்ன பாட்டில் எதுவும் இல்லை என்று சொல்ல வைத்தார்.

ஆகவே பொன்னேரிக்கு வருகிறவர் முதலில் ஒரு கிரிமினல் சீனியரின் பின்னால் நின்று குறுக்கு விசாரணையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கோர்ட்டு இல்லாத நாளில் குப்பங்களுக்குப் போய் எந்தத் தலைக்கட்டுக்கு எந்தப் பாடு, யாருக்குப் பாடே இல்லை என்று விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். திட்டத்தில் நான் மாற்றச் சொல்வது ஒன்றுதான்: முதலில் இரண்டு வருஷ ஒப்பந்தம், அப்புறம் வருஷா வருஷம் நீட்டிப்பு என்கிற ஏற்பாடு. தொழில் கைக்கு வரவே அவ்வளவு காலம் ஆகும். அந்த நேரம் பார்த்து அவர் போய்விட்டால், குப்பத்துக்காரர் இன்னொரு புது வக்கீலிடம் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.