சிங்கப்பூரில் வாடகை அறை: ஆறு மாத விதியை அறிவோம்

தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் பலர் ஜொகூர்க் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் பணியாற்றுகின்றனர். நாள்தோறும் சென்று திரும்ப இயலாதோர், கட்டில், மெத்தை, அலமாரி ஆகியவற்றுடன் கூடிய அறையை அங்கே வாடகைக்கு எடுக்கின்றனர். அவர்களும் அவர்தம் பெற்றோரும் அறிய வேண்டிய விதியொன்று உண்டு.

சிங்கப்பூரில் குடியிருப்பு வீடுகளைத் தங்கும் விடுதிபோல் சில நாட்களுக்கு மட்டும் வாடகைக்கு விடுதல் சட்டத்திற்குப் புறம்பானது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வாடகைக் காலம் குறைந்தது 6 மாதங்களாகும். தனியார் வீடுகளில் அது 3 மாதங்களாகும். 2017 ஜூன் 30-க்கு முன்னர் அங்கும் 6 மாதங்களாகவே இருந்தது.

இவ்விதி எதற்காக? அடுக்குமாடியில் அண்டை வீட்டார் அடிக்கடி மாறினால், அங்கு வாழும் குடும்பங்களின் அமைதியும் பாதுகாப்பும் குன்றும். ஆகவேதான் தண்டனையும் கடுமையாக உள்ளது. தனியார் வீட்டில் விதியை மீறுவோருக்கு 2,00,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். 2018-இல் இருவருக்குத் தலா 60,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. கழக வீடாயின், உரிமையாளர் வீட்டையே இழக்க நேரிடலாம்.

இதில் குடியிருப்பவருக்கு என்ன கேடு எனக் கேட்கலாம். அனுமதியற்ற அறையிலிருந்து திடீரென வெளியேற நேர்ந்தால், தங்க இடமின்றித் தவிப்பவர் அவரே. கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெறுவதும் எளிதன்று. எனவே, "ஒரு மாதம் மட்டும் தங்கலாம்" என ஆசை காட்டுவோரிடம் பணம் கொடுத்தல் கூடாது.

பணம் செலுத்துமுன் கவனிக்க வேண்டியவை:

1. கழக வீடாயின், கழகத்தின் அனுமதியை உரிமையாளர் முன்கூட்டியே பெற்றிருத்தல் வேண்டும். அதனைக் காட்டுமாறு கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர் அவ்வீட்டை மற்றொருவருக்கு உள்வாடகைக்கு விட முடியாது.

2. கழக வீட்டிற்கு விண்ணப்பிக்கும்போது, உங்கள் வேலை அனுமதி குறைந்தது 6 மாதங்களுக்குச் செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

3. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். அறையிலுள்ள பொருட்களையும் அவற்றின் நிலையையும் பட்டியலிட்டு, இருவரும் கையொப்பமிடுங்கள். முன்பே உடைந்திருந்த நாற்காலிக்காக உங்கள் வைப்புத்தொகையைப் பிடித்துக்கொள்ள அப்போது இடமிராது.

4. முத்திரை வரியை வழக்கமாகக் குடியிருப்பவரே செலுத்துவார். மாதம் 800 வெள்ளி வீதம் ஓராண்டிற்கு மொத்த வாடகை 9,600 வெள்ளி, அதில் 0.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 38 வெள்ளி வரியாகும். சிங்கப்பூரில் கையொப்பமிட்டிருப்பின், 14 நாட்களுக்குள் செலுத்திவிட வேண்டும்.

அயலிடத்தில் பாடுபட்டு ஈட்டும் பணம் வீணாகாதிருக்க, கேட்டறிந்து கையொப்பமிடுவதே அறிவுடைமையாகும்.