மீன்கொத்தியும் மின்கம்பியும்

பெங்களூர் மல்லேஸ்வரத்தை அடுத்துள்ள சாங்கி ஏரி, 1882ஆம் ஆண்டில் ரிச்சர்ட் சாங்கி என்னும் பொறியியல் வல்லுநரால் அமைக்கப்பட்டது. நகரம் நாற்புறமும் சூழ்ந்துவிட்ட இந்நாளிலும் கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி முதலிய பறவைகளை அங்குக் காணலாம். அவ்விடத்தில், மின்கம்பியில் அமர்ந்துள்ள வெண்மார்பு மீன்கொத்தியை ஒருவர் படம் பிடிக்கிறார் என்று கொள்வோம். கம்பி காட்சியின் அழகைக் கெடுப்பதாகக் கருதி, அதனைக் கணிப்பொறியின் துணையால் அழித்துவிட்டு, மற்றொரு படத்திலிருந்து பசுங்கிளையொன்றை எடுத்து அவர் பொருத்திவிட்டால் விளைவது யாது?

படம் அழகு பெறும். ஆனால் சான்று அழிந்துவிடும். பெயர் மீன்கொத்தியாயினும், இப்பறவை பூச்சி, ஓணான் முதலியவற்றையும் உண்பது. ஆதலின் நீர்நிலையை விட்டு விலகியும், மனிதர் வாழுமிடங்களில் இது பிழைக்க வல்லது. கம்பி இதற்கு இரைதேடும் காவல்மேடை. அழிக்கப்பட்டது வெறும் கம்பியன்று; நகர வாழ்வுக்குப் பறவை இணங்கிய வரலாறே ஆகும்.

இத்தகைய திருத்தங்களுக்கு எல்லை வகுக்கும் பொருட்டு, சர்வதேசப் புகைப்படக் கலைச் சம்மேளனமும், அமெரிக்க, பிரிட்டிஷ் சங்கங்கள் இரண்டும் இசைந்து வகுத்த பொது இலக்கணம் 2015ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஓரங்களை வெட்டலாம், தூசிப் புள்ளிகளை நீக்கலாம், வண்ணப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றலாம். ஆனால், காட்சியிலுள்ள பொருளைச் சேர்த்தலும், நீக்கலும், இடம் மாற்றலும் கூடா. மனிதன் ஆக்கிய பொருள்கள் பொதுவாக இயற்கைப் படத்தில் இடம்பெறலாகா; எனினும், மனிதன் மாற்றியமைத்த சூழலுக்குப் பழகிய உயிர்களின் வாழ்வில் அவை பிரிக்கவொண்ணாத பகுதியாயின், விலக்கு உண்டு. மீன்கொத்தியின் கம்பிக்கும் இவ்விலக்கு பொருந்தும் எனலாம்.

பொய்ப்படத்தை இயற்கை அறிவே காட்டிக்கொடுத்ததும் உண்டு. சுவீடனில் புகழ்பெற்றிருந்த தெர்யே ஹெல்லேசோ என்பார், லிங்க்ஸ் என்னும் காட்டுப்பூனையின் படமொன்றை ஜூலை மாதத்தில் எடுத்ததாகக் கூறினார். ஆனால் விலங்கின் உடலிலோ குளிர்காலத்து அடர்ந்த மயிர் காணப்பட்டது. கேள்விகள் எழவே, 2011ஆம் ஆண்டில் அவர் தம் படங்களிற் பல ஒட்டுவேலை என ஒப்புக்கொண்டார்.

புகைப்படம் விஞ்ஞானத்திற்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்குக் கருநாடகமே சான்று. ஒரு புலியின் வரிகள் மற்றொன்றின் வரிகளை ஒத்திரா. இவ்வுண்மையைக் கொண்டு, நாகரஹொளே காட்டில் தானியங்கிக் காமிராக்களை நிறுவிப் புலிகளின் தொகையை மதிப்பிடும் முறையை விஞ்ஞானி உல்லாஸ் காரந்த் 1995ஆம் ஆண்டில் வெளியிட்டார். அழகு கருதி ஒரு வரியைத் திருத்தினாலும், அது காட்டில் இல்லாத புலியாகிவிடும்.

கற்பனைப் படம் குற்றமன்று; கற்பனையென அறிவித்து வெளியிடுவதே முறை. கம்பியை விரும்பாதவர், பறவை மரக்கிளைக்கு வரும்வரை காத்திருக்கலாம். அப்பொறுமையும் இயற்கை ஆராய்ச்சியின் ஒரு பகுதியேயாகும்.