குடிநோய்க்கு மருத்துவம்: காலனியிலிருந்து எவ்வளவு தூரம்?

மணமேல்குடிப் பக்கத்துக் காலனி ஒன்றில் வாழும் கூலித் தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்வோம். இருபது ஆண்டுக் குடி. காலையில் எழுந்ததும் கை நடுக்கம் நிற்கவே ஒரு கட்டிங் தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டவர். மகளின் சடங்கை முன்னிட்டோ மனைவியின் கண்ணீரைப் பார்த்தோ ஒரு நாள் இனித் தொடமாட்டேன் என்று கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறார். அன்று இரவே உடல் வியர்க்கிறது, தூக்கம் வரவில்லை. மறுநாள் வலிப்பு வருகிறது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்துகிறார், இல்லாத ஆட்களோடு பேசுகிறார். வீட்டார் காத்துக்கருப்பு என்று அஞ்சிக் கோடாங்கியைத் தேடுகிறார்கள். இல்லையெனில் அண்டை வீட்டார் சொல் கேட்டு மீண்டும் ஒரு குவார்ட்டரை வாங்கி ஊற்றுகிறார்கள். சில வீடுகளில் அதற்குள் உயிர் போய்விடுகிறது.

குடித்தே செத்தான் என்று ஊர் பேசும். உண்மையில் அவர் குடியை நிறுத்த முயன்று, அந்த மூன்று நாளில் மருத்துவம் கிட்டாமல் இறந்தவர்.

நெடுங்காலம் நாள்தோறும் குடித்தவரின் மூளை மதுவுக்கு ஈடுகொடுத்தே இயங்கப் பழகியிருக்கும். மது திடீரென நின்றால் அந்த ஈடு தாறுமாறாகிறது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தான கட்டம் இது. இதற்கான மருந்துகள் அரிதானவையோ விலையுயர்ந்தவையோ அல்ல. டயசிபாம் போன்ற மாத்திரைகளை அளவாகத் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். தயமின் எனப்படும் பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். வெறும் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றினால் போதாது, தயமின் இன்றி ஏற்றுவது மூளைக்குக் கேடாகவும் முடியலாம். கல்லீரல் கெட்டிருந்தால் மருந்து மாறும். ஆகவே கை நடுக்கம் உள்ளவர், முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவர், மருத்துவரைப் பார்க்காமல் வீட்டிலேயே குடியை நிறுத்தக் கூடாது. வைராக்கியத்தைப் பாராட்டும் நம் வழக்கத்துக்கு இது ஒவ்வாததாகத் தோன்றலாம். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

இந்தியா முழுமைக்குமாக ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. குடிக்கு அடிமையானவர்களுள் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மீதிப் பேர் யார் என்று கேட்டால் விடை கடினமன்று. மருத்துவமனை இருக்கும் ஊரில் வாழாதவர்கள், ஒரு நாள் கூலியை இழந்தால் மறுநாள் அடுப்பெரியாதவர்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாவட்டத் தலைநகரில் இருக்கிறது, 2017-இல் திறக்கப்பட்டது. மனநல மருத்துவப் பிரிவு அங்கே உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு வட்டார மருத்துவமனைகளுக்கு முறை வைத்துச் சென்று புறநோயாளிகளைப் பார்க்கிறது. கோட்டைப்பட்டினம் பக்கத்தவர் அறந்தாங்கி வந்து பேருந்து மாறி நகரத்தை அடைய அரை நாள் போகும். விராலிமலைப் பகுதியினருக்குத் திருச்சியே எளிது. டாஸ்மாக் கடைக்குச் செல்ல எவரும் அரை நாள் பயணம் செய்வதில்லை. 2003 முதல் சில்லறை விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் அரசு, 2023-24-ஆம் ஆண்டில் மதுவால் ஈட்டிய வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். விற்பனைக்கு வலைப்பின்னல் அமைக்கத் தெரிந்த அரசுக்கு மருத்துவத்துக்கும் அப்படி ஒன்றை அமைக்கத் தெரியாது என்று நம்புவதற்கில்லை. 2025 பிப்ரவரியில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை மாநில அரசு தன் மருத்துவமனைகளில் திறந்தது. நல்ல தொடக்கம். எனினும் அவை பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளுக்குள்தான் இருக்கின்றன.

தூரத்தைக் கிலோமீட்டரால் மட்டும் அளந்தால் நம் ஊர்களைப் புரிந்துகொள்ள முடியாது. ஊர்த்தெருவில் ஒருவர் அளவுமீறிக் குடித்தால் அவருக்கு உடம்பு சரியில்லை என்பார்கள். குடும்பத்தார் சத்தமின்றித் திருச்சிக்கோ மதுரைக்கோ அழைத்துப் போவார்கள். காலனியில் ஒருவர் குடித்தால் காலனியே குடிகாரக் காலனி ஆகிவிடுகிறது. சாவு வீட்டில் பறையடிக்கவும் குழிவெட்டவும் அழைக்கப்பட்ட மக்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகவே சாராயத்தை ஊற்றிக் கொடுத்த ஊர்கள் இவை. மலக்குழிக்குள் இறங்கச் சொன்னவர்களும் முதலில் நீட்டியது பாட்டிலைத்தான். கொடுத்த கை மறைந்துவிட்டது, குடித்தவரின் பெயர் மட்டும் நின்றுவிட்டது. தைலமரக் காட்டில் மரம் வெட்டுவோரும் கல்குவாரியில் உடைப்போரும் உடல் வலிக்காகத் தொடங்கிய குடி நோயாக முற்றும்போது, அதை நோயென்று ஏற்க மருத்துவமனை வாசலில் நிற்கும் ஊழியர்கூடத் தயங்குவதுண்டு. குடிகாரன் என்ற சொல்லைக் கைவிட்டுக் குடிநோயாளி என்று எழுத வேண்டும் என்பது வெறும் சொல்லாசாரம் இல்லை. நோயாளிக்கு உரிமைகள் இருக்கின்றன.

அந்த உரிமைகள் எழுத்தில் உள்ளன. 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அதன் 18-ஆம் பிரிவின்படி, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல சேவை, எட்டும் தொலைவில், தரமாக, சாதி முதலிய எந்த வேறுபாடும் இன்றிக் கிடைக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழ்வோருக்கு, அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும், சிகிச்சை இலவசம். குறைந்தபட்ச சேவைகள் மாவட்டத்தில் இல்லையெனில், அதே மாவட்டத்தில் உள்ள வேறு மனநல மையத்தில் சிகிச்சை பெறலாம். செலவை அரசே ஏற்க வேண்டும். இந்தக் கடைசி வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்ட ஊராட்சிகள் குறைவு என்றே நினைக்கிறோம்.

தனியார் மறுவாழ்வு மையங்களைப் பற்றியும் இதே சட்டம் பேசுகிறது. சாலையோரச் சுவரில் கைப்பேசி எண்ணோடு விளம்பரம் எழுதியிருக்கும் மையங்களுக்கு, நகையை அடகு வைத்துக் கணவரையோ மகனையோ அனுப்பும் பெண்கள் நம்மிடையே ஏராளம். மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெறாமல் எந்த மையமும் நடத்தக் கூடாது. சங்கிலியால் கட்டக் கூடாது, கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது, கட்டாய வேலை வாங்கக் கூடாது. 2022-இல் சென்னையில் தனியார் மையம் ஒன்றில் சிகிச்சைக்குச் சென்றவர் அடித்துக் கொல்லப்பட்டது செய்தியானது. எனவே சேர்க்குமுன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவர் எந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள். குடும்பத்தார் வந்து பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். இன்னொன்றும் பாருங்கள்: கழிவறை கழுவும் வேலை அங்கே யாரிடம் தரப்படுகிறது என்பதை. அந்த மையத்தின் மனம் அதில் தெரிந்துவிடும். சோற்றில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் என்று விற்கப்படும் பொடிகளை வாங்க வேண்டாம். டைசல்பிரம் போன்ற மருந்து நோயாளிக்குத் தெரியாமல் உள்ளே போய், அதன்மேல் அவர் குடித்தால், இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்படியானால் சிகிச்சையை ஊருக்கே கொண்டுவர முடியாதா? முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார், தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். நகர மருத்துவமனைக்குக் கிராமத்து ஏழைகள் வந்து தங்க முடியாததைக் கண்டு, அம்மருத்துவமனை குடவாசல் அருகே உள்ள மஞ்சக்குடியில் முகாம் முறையைத் தொடங்கியது. இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் ஊர் அது. உள்ளூரில் கிடைத்த கட்டடத்திலேயே நோயாளிகளைப் பதினைந்து நாள் தங்க வைத்தார்கள். மருத்துவக் குழு அங்கே வந்து தங்கியது. ஊர்க்காரர்கள் இடமும் ஒத்துழைப்பும் தந்தார்கள், மனைவிமாருக்கும் ஆலோசனை நடந்தது, முகாம் முடிந்த பின்னும் குழு திரும்பத் திரும்ப வந்து பார்த்தது. அந்த அனுபவம் 1990களில் வெளிநாட்டு ஆய்விதழில் கட்டுரையாகி, ஏழை நாடுகளுக்கான வழி என்று பேசப்பட்டது. புதுக்கோட்டையிலிருந்து அந்த ஊர் அதிகத் தொலைவில் இல்லை.

மஞ்சக்குடியை அப்படியே பெயர்த்து நம் ஊர்களில் நட்டுவிட முடியுமா என்பதில்தான் நமக்கு ஐயம். முகாம் முறையின் உயிர் 'ஊர்ச் சமூகம்' என்ற சொல்லில் இருக்கிறது. எந்த ஊர்ச் சமூகம்? 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதையடுத்து அங்கே சென்ற மாவட்ட ஆட்சியர் குழு, இறையூர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருப்பதையும் கண்டு வழக்குப் பதிய வைத்தது. தேநீருக்கே இரண்டு குவளை வைத்திருக்கும் இடத்தில், பதினைந்து நாள் ஒரே கூடத்தில் பாய்விரித்து, ஒரே அடுப்பில் சமைத்து, வட்டமாக உட்கார்ந்து ஒருவர் முன் ஒருவர் அழ வேண்டிய சிகிச்சை எப்படி நடக்கும்? 1935-இல் அமெரிக்காவில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களின் அடிப்படை, பெயரைச் சொல்லாமல் இருப்பது. காலனிக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவர் எந்தத் தெருவிலிருந்து நடந்து வருகிறார் என்பதே பெயரைச் சொல்லிவிடும்.

ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுப்பதே சிகிச்சையின் முதல் மருந்து. ஊர்க் கோயில் மண்டபத்திலோ ஒரு சாதியாரின் திருமண மண்டபத்திலோ முகாம் வைத்தால் காலனியார் வரமாட்டார்கள். வந்தாலும் ஓரத்தில் உட்காருவார்கள். காலனிக்குள் மட்டும் வைத்தால் குடி தலித்துகளின் நோய் என்ற பழி உறுதிப்படும். அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், ஊராட்சி சேவை மையம் ஆகியவை எவருக்கும் சொந்தமில்லாதவை, ஆகவே எல்லாருக்கும் சொந்தமானவை. சமையல் பொறுப்பைக் காலனிப் பெண்களின் மகளிர் குழுவுக்குக் கொடுத்தால் கூலியும் கிடைக்கும். யார் சாப்பிட மறுக்கிறார் என்பதும் முதல் நாளே தெரிந்துவிடும். குடும்பத்தின் பதினைந்து நாள் கூலியை யார் ஈடுகட்டுவது என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. சாராயத்தில் செத்தால் பத்து இலட்சம் என்று 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அரசு அறிவித்தது. கருணாபுரத்தில் பலர் மாண்ட பின் வந்த தொகை அது. மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், தலித்துகள். உயிரோடு சிகிச்சைக்கு வருபவருக்கு நாளொன்றுக்கு ஒரு கூலி கொடுப்பது அதைவிடச் செலவு குறைந்ததுதான்.

சிகிச்சை பதினைந்து நாளில் முடிவதில்லை. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளைப் பல மாதம் எடுக்க நேரலாம். மீண்டும் குடித்துவிடுவது இந்த நோயின் இயல்பு, ஒழுக்கத்தின் தோல்வி அன்று. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. அதே ஊழியர் கையில் குடிநோயாளியின் மாத்திரையும் வருவதற்குத் தடையாக இருப்பது பணமா, பார்வையா என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. கஞ்சாவுக்கும் வலி மாத்திரைக்கும் பழகிவரும் இளைஞர்களை வழக்குப் பதிவேட்டில் மட்டும் தேடுவதும் இதே பார்வைதான். அவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

இப்போதே ஒரு வீட்டில் ஆள் நடுங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? வலிப்போ புத்தித் தடுமாற்றமோ இருந்தால் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல்தான் மருத்துவருக்குச் சிகிச்சையின் திசையைக் காட்டும். அவசரமில்லாதபோது 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணிலோ 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ கட்டணமின்றிப் பேசலாம். ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் இயங்கும் இலவசத் தங்கல் மையம் அருகில் எது என்றும் 14446-இல் கேளுங்கள். மருத்துவமனையில் எவராவது சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், வன்கொடுமைத் தடுப்புக்கான 14566 இருக்கிறது.

ஊராட்சி அளவில் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கிராம சபைக் கூட்டங்களில் டாஸ்மாக் கடையை மூடு என்ற தீர்மானம் பல ஊர்களில் நிறைவேறியிருக்கிறது. அதை நாம் ஆதரிக்கிறோம். கடை மூடப்பட்ட மறுநாள் நடுங்கப்போகும் உடல்களுக்கான தீர்மானம் அதோடு சேர்ந்து எழுதப்பட வேண்டும். மாவட்ட மனநலக் குழு மாதத்தில் எந்த நாள் நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும், தயமின் ஊசியும் டயசிபாமும் அங்கே இருப்பில் உள்ளனவா, பதினைந்து நாள் முகாமுக்கு எந்தப் பள்ளிக் கட்டடம் கோடை விடுமுறையில் கிடைக்கும் என்ற கேள்விகள் 18-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு அதில் பதிவாக வேண்டும். நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து, மனு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.