கயிற்றரவு உவமையும் உடல்–ஆன்ம அத்தியாசமும்

ஒன்றன் தன்மையை மற்றொன்றன்மேல் ஏற்றி, ஏற்றியதனையே உண்மையெனக் கொள்ளுதல் அத்தியாசம் எனப்படும். பிரம்ம சூத்திர உரையின் முகப்பில் சங்கரர் எழுதிய பகுதி இதனை விளக்குவதற்கென்றே அமைந்தமையால் அத்தியாச பாடியம் எனப் பெயர் பெற்றது. தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம் முதலிய தமிழ் வேதாந்த நூல்களில் இக்கருத்து ஆரோபம், கற்பிதம் முதலான சொற்களால் வழங்கும். விளக்க வருவோர் பெரும்பாலும் கயிற்றில் தோன்றும் பாம்பினைக் காட்டி அமைவர். அவ்வுவமை தொடக்கநிலைக்குத் தகும். ஆன்மாவும் அனான்மாவும் கலந்து தோன்றும் நிலையை உணர்த்த அது மட்டும் போதாது.

கயிற்றின்மேல் பாம்பு ஏற்றப்படுகிறது. பாம்பின்மேல் கயிறு ஏறியதாக எவரும் கருதுவதில்லை. சங்கரர் கூறும் அத்தியாசமோ இருவழிப்பட்டது. உடலின் பருமை, மெலிவு, நிறம் ஆகியன ஆன்மாவின்மேல் ஏறுகின்றன. ஆன்மாவின் அறிவுத்தன்மை உடலின்மேல் ஏறுகிறது. ‘உடம்பு இளைத்துவிட்டது’ என்பவரே அடுத்த தொடரில் ‘நான் இளைத்துவிட்டேன்’ என்பார். முன்னதில் உடம்பு அவருடைய உடைமை. பின்னதில் அதுவே உடையவர். இம்மாறாட்டம் கேட்போர்க்கும் பிழையாகப் படுவதில்லை. அத்தியாசத்தை உலகியல்பான வழக்கு எனச் சங்கரர் கூறியதன் பொருத்தம் இங்கு விளங்கும். மனைவி மக்களின் நலிவைத் தன் நலிவாகக் கொள்ளுதலையும் அவர் இதனுள் அடக்குவார்.

உடலும் ‘நான்’ என்னும் உணர்வும் பிரியக்கூடியனவா என்னும் வினாவிற்குத் திண்டுக்கல்லில் நிகழ்ந்த ஒன்று துணைசெய்யும். இரமண மகரிசி 1891ஆம் ஆண்டளவில், சிறுவராக, உறவினர் இல்லத்தில் தங்கி அங்குப் படித்துவந்தார். வீட்டார் கோயிலுக்குச் சென்றிருந்தபோது கதவைத் தாழிட்டு உறங்கிவிட்டார். திரும்பி வந்தவர்கள் கதவைத் தட்டியும் கூவியும் அவர் எழவில்லை. உள்ளே புகுந்து அடித்தும் எழவில்லை. மறுநாள் பிறர் சொல்லியே அதனை அறிந்ததாக அவரே பிற்காலத்தில் கூறினார். அடிபட்ட உடல் இருந்தது. ‘அடிபட்டேன்’ என்பதற்குரியவன் இல்லை. எனினும் இதனை மிகைப்படுத்துதல் கூடாது. உறக்கத்தில் அவித்தை வித்துவடிவில் எஞ்சுமென்பதே அத்துவைதிகளின் கொள்கை. மறுநாள் எழுந்தவன் பழைய பெயருடைய பழைய சிறுவனே. அத்தியாசம் ஓய்ந்தது, ஒழியவில்லை.

கயிற்றரவு உவமையின் மற்றொரு குறை, அறிவு தோன்றியபின் நிகழ்வதைப் பற்றியது. விளக்கைக் கொணர்ந்தவுடன் பாம்பு மறையும். அவ்வாறே ஞானியின் உடலும் மறைய வேண்டுமன்றோ எனும் தடை உடனே எழும். உடல் உண்டென்பதையே அத்துவைதம் மறுக்கிறது என்னும் பிழையான கருத்தும் இவ்வழியே வேரூன்றுகிறது. இதற்குக் கானல்நீரே ஏற்ற உவமை. திண்டுக்கல்லிலிருந்து ரெட்டியார்சத்திரம் வழியாகப் பழனி நோக்கிக் கோடை நண்பகலில் செல்வோர்க்குத் தார்ச்சாலையில் நீர் தேங்கியது போலத் தோன்றும். நீரன்று என அறிந்தவர்க்கும் அத்தோற்றம் நீங்குவதில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு அதனை நோக்கிச் செல்லமாட்டார் என்பதே வேறுபாடு. செம்பூவின் அருகே சிவந்து தோன்றும் பளிங்கும் இவ்வகையினது. சார்பினால் தோன்றும் மயக்கத்தைச் சோபாதிகம் என்றும், கயிற்றரவு போன்றதை நிருபாதிகம் என்றும் நூல்கள் பகுக்கும்.

இருவழி ஏற்றத்தைத் தமிழில் செறிவாக உரைத்தது 1928இல் இரமணர் இயற்றிய உள்ளது நாற்பது. சடமான உடல் ‘நான்’ எனாது. அறிவாகிய உள்பொருள் தோன்றுவதில்லை. இவற்றிடையே உடலளவாய் ஒரு ‘நான்’ எழுகிறது என்று கூறி, அதனைச் சித்தையும் சடத்தையும் பிணிக்கும் முடிச்சு என்பார். கற்பிதம் என்னும் சொல் புலப்படுத்தாத இருபாற் பிணைப்பை இச்சொல் புலப்படுத்துகிறது. ஆயின் முடிச்சுக்கு உண்மையான இரண்டு இழைகள் வேண்டும்; சங்கரரோ அத்தியாசத்தை மெய்யும் பொய்யும் கலந்த கலப்பு என்றார். ஆகலின் இம்முடிச்சில் இழை ஒன்றே.