களையெடுக்கும் மாதத்தில் காலியாகும் குதிர்

சிறு விவசாயி வீட்டில் பசி என்றால், விளைச்சல் குறைந்ததுதான் காரணம் என்று சொல்லிவிடுகிறோம். பசியால் விளைச்சல் குறைவதும் உண்டு. ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில், சிப்பாட்டா மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

அது வானம் பார்த்த பூமி. நவம்பர் வாக்கில் மழை தொடங்கும்; ஆண்டுக்கு ஒரே போகம். மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் ‘ன்ஷிமா’தான் அன்றாடச் சாப்பாடு. அறுவடையில் சேர்த்த சோளம் பல வீடுகளில் ஜனவரிக்குள் தீர்ந்துவிடும். அடுத்த அறுவடைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கும்.

வயலுக்கு ஆள் அதிகம் தேவைப்படுவதும் அதே சமயத்தில்தான். மக்காச்சோளம் முளைத்த முதல் ஒன்றரை மாதத்தில் களை முந்திக்கொண்டால் தழைச்சத்தையும் ஈரத்தையும் அதுவே இழுத்துக்கொள்ளும். அப்போது நலிந்த பயிர், பிறகு எத்தனை முறை கொத்தினாலும் முழுதாகத் தேறாது. ஆனால் குதிர் காலியானவர் மண்வெட்டியோடு அடுத்தவர் நிலத்துக்குப் போகிறார். இந்தக் கூலி வேலைக்கு அங்கே ‘கன்யூ’ என்று பெயர். கையோடு காசோ சோளமோ கிடைக்கும், அன்றைக்கு அடுப்பு எரியும். சொந்த வயலில் களை மண்டும். சோம்பேறித்தனம் என்று இதைப் பேசுவது பெரிய அநியாயம்.

குந்தர் ஃபிங்க், கெல்சி ஜாக், ஃபெலிக்ஸ் மசியே ஆகிய மூன்று ஆய்வாளர்கள் கடன் கொடுத்தால் இந்த நிலை மாறுமா என்று 2013 முதல் 2015 வரை 175 ஊர்களில் சோதித்தார்கள். குலுக்கலில் வந்த ஊர்களுக்கு ஜனவரியில் கடன் கொடுத்தார்கள்: சிலவற்றில் வீட்டுக்கு 200 குவாச்சா, சிலவற்றில் மூன்று மூட்டை மக்காச்சோளம். அறுவடைக்குப் பிறகு 260 குவாச்சாவோ நான்கு மூட்டைச் சோளமோ திருப்பித் தர வேண்டும். மற்ற ஊர்களுக்குக் கடன் இல்லை.

கடன் கிடைத்த ஊர்களில் ஏறக்குறைய எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். பெரும்பாலோர் திருப்பியும் கட்டினார்கள். கன்யூவுக்குப் போவது குறைந்தது, சொந்த வயலில் உழைப்பு கூடியது, விளைச்சல் சுமார் 9 சதவீதம் உயர்ந்தது. விதைப்பு முடிந்த பிறகு கைக்கு வந்த கடன் இது என்பதை மறக்கக் கூடாது; விளைச்சல் கூடியது விதையால் அல்ல, உழைப்பால். இன்னொன்றும் நடந்தது: கூலிக்கு வருவோர் குறைந்ததால் கூலி உயர்ந்தது. அதற்குப் பிறகும் வேலைக்குப் போன ஏழைகளுக்கு அதுவும் லாபம்தான்.

சிக்கல் இல்லாமல் இல்லை. தொலைதூர ஊர்களுக்குச் சின்னச் சின்னக் கடனைக் கொண்டுபோய்ச் சேர்த்து வசூலிக்க ஆகும் செலவு அதிகம். லாபக் கணக்கு மட்டும் பார்க்கும் வங்கி இதைத் தொடாது. அதனால் அரசுதான் முன்வர வேண்டும். ஜாம்பியா அரசு உர மானியத்துக்குப் பெரும் பணம் செலவிடுகிறது. அதில் ஒரு பகுதியை ஜனவரிக் கடனுக்கு ஒதுக்கட்டும். சாப்பாட்டுக்கு வாங்கும் கடனும் விவசாயக் கடன்தான்.