மலைச்சரிவில் ஒரு தடிக்காரர்

மலைச்சரிவில் படுத்திருக்கும் ஓர் ஆளின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? இங்கிலாந்தின் டோர்செட் பக்கம், செர்ன் அபாஸ் என்கிற சின்ன ஊருக்கு மேலே இருக்கிறார் அந்த ராட்சதர். புல்லைச் செதுக்கி, பள்ளத்தில் வெள்ளைச் சுண்ணக்கல்லை இடித்து நிரப்பி வரைந்த உருவம். கையில் முண்டும் முடிச்சுமாக ஒரு தடி. உடம்பில், சொன்னால் சிரிப்பீங்க, பொட்டுத் துணி கிடையாது!

கிரேக்க வீரன் ஹெர்குலிஸ் என்றார்கள் சிலர். இல்லை, ஆட்சியாளர் கிராம்வெல்லைக் கேலி செய்து வரைந்தது என்றார்கள் வேறு சிலர். உருவத்தின் அடியில் இருக்கும் மண்துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2021-இல் விடை வந்தது. ஏறக்குறைய ஆயிரம் வயசு! கிராம்வெல்லோ அதற்கு வெகுகாலம் பிந்தியவர், ஆக கிராம்வெல் கட்சி அதோடு அவுட். ஹெர்குலிஸ் கட்சி மட்டும் இன்னும் விடுவதாக இல்லை.